வேட்டி காயும் வரை

“நாளைக்குக் கெளம்புதேம்மா. இங்க இருக்க எனக்கு யோக்கியதை இல்ல.”

பூதலிங்கம் இப்படிச் சொன்னபோது வடிவம்மை அடுக்களை வாசலில் உட்கார்ந்து பந்திக்கு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அன்று பெரியவரின் குருபூசை. பெரியவர் இருந்தவரை கரட்டு மடம் அவர் பொறுப்பில் இருந்தது. போகும்போது வடிவம்மையைக் கைகாட்டிவிட்டுப் போனார். வடிவம்மை பூதலிங்கத்தைவிட வயதில் ரொம்பச் சின்னவர், மடத்துக்கு வந்ததும் பிந்தித்தான். அதில் பூதலிங்கத்துக்கு மனக்குறை கிடையாது. கொஞ்சநாள் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

“பை கட்டியாச்சா?” என்று கேட்டார் வடிவம்மை.

“கட்டியாச்சு. சங்கரன்கோயில்ல தம்பி மகன் வீடு இருக்கு.”

“சரி, உக்காருங்க அண்ணாச்சி. இந்த இலையெல்லாம் தொடைங்க.”

ஈரத்துணி ஒன்றை நீட்டினார். பூதலிங்கம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். குருபூசை அன்று வேலை இருக்கும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கவா முடியும்?

பூதலிங்கம் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். வாய்தான் அவர் சொத்து. நிற்க இடமில்லாத பஸ்ஸில்கூட ஜனங்களைச் சிரிக்கவைத்தே உள்ளே தள்ளிவிடுவார். பெண்டாட்டி நோயில் கிடந்து செத்தபிறகு அந்த வாய் அடைத்துப் போயிற்று. தூக்கம் போயிற்று. யாரோ சொல்லி இந்தப் பாறைக்கரட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் ஒருநாள் காலை, சுனைப் பக்கத்துப் பாறையில், அவர் மனசு அடங்கியது. அடங்கியது என்றால் அப்படி ஓர் அடக்கம். அதற்கப்புறம் எத்தனையோ குருபூசை வந்து போய்விட்டது. அந்தக் காலை மட்டும் திரும்பி வரவில்லை.

இதைத்தான் அவர் இலை துடைத்தபடி வடிவம்மையிடம் சொல்லிப் புலம்பினார். அதே பாறையில் போய் உட்கார்ந்து பார்த்தாராம். அதே ஐப்பசி மாதத்தில், அதே கிழக்கு முகமாக. ஒன்றும் நடக்கவில்லையாம்.

“கண்ண மூடினா அமைதி வரமாட்டேங்குது. அந்தக் கதைதான் வருது. நான் வருசா வருசம் சொல்லுதேன்லா, அந்தக் கதை. ஆதியிலேருந்து அந்தம் வரைக்கும் ஓடுது.”

கதை என்று அவர் சொன்னது இதுதான். குருபூசை அன்று பந்தி முடிந்ததும் எல்லோரும் கல்மண்டபத்தில் கூடுவார்கள். பெரியவரைப் பற்றி ஆளுக்கு ஒரு சங்கதி சொல்லவேண்டும். கண்ணால் கண்டதாக இருக்கவேண்டும், காதால் கேட்டது கூடாது. அது பெரியவரே போட்டுவிட்டுப் போன சட்டம். தன்னைப் பற்றிப் புராணம் எழுதிவிடுவார்களோ என்று மனுஷனுக்குப் பயம்.

மூத்தவர் முதலில் சொல்லவேண்டும். மூத்தவர் பூதலிங்கம்.

அவர் சொல்லுவதைக் கேட்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சிலபேர் அவர் காலில்கூட விழுந்திருக்கிறார்கள்.

“அந்த நேரமெல்லாம் எனக்குக் கூசும்மா. என்னைக்கோ வந்துட்டுப் போனத வச்சு இன்னும் பொழப்பு நடத்துதேன்.”

வடிவம்மை ஓர் இலையை விரித்துப் பார்த்தார். நடுவில் கிழிந்திருந்தது. அதைத் தள்ளி வைத்தார்.

“அத எங்கிட்ட ஒருதரம் சொல்லுங்க,” என்றார்.

“நீங்க கேட்டதுதானம்மா.”

“மண்டபத்துல கேட்டேன். இங்க கேக்கல.”

பூதலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். போகிறேன் போகிறேன் என்று அழுதவர்தான், கதை சொல்லு என்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. பழக்கம் லேசில் விடுமா?

விடிந்தும் விடியாத நேரம், பாறையில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து பெரியவர் வருகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. பூதலிங்கத்தின் தலையில் கை வைக்கிறார். அந்த க்ஷணமே உள்ளே எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. கூவிக்கொண்டிருந்த பறவைகள்கூட வாயை மூடிக்கொள்கின்றன. எதிர்ப்பாறையில் ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. கண்ணைத் திறந்தால் உச்சிவெயில்.

குரல் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. அடுக்களைக்குள் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்கள்.

வடிவம்மை கேட்டார்: “மயில் எப்ப வந்துது?”

“அப்பதான். கொஞ்சம் வெயில் வந்தபெறகு.”

“அதில்ல அண்ணாச்சி. மொத குருபூசையில கேட்டப்ப மயில் இல்லையே.”

பூதலிங்கத்தின் கை இலைமேல் நின்றது.

யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். ஒரு வருஷம் மதுரையிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் மயில் தானாக வந்து நின்றுவிட்டது. அவர் கூப்பிடவில்லை.

“மயில் இல்ல,” என்றார்.

“பறவையெல்லாம் வாய மூடிச்சே?”

“மூடல. கத்திகிட்டுதான் கெடந்துது. தவிட்டுக்குருவி, ஒரே எரைச்சல்.”

“உச்சிவெயில்?”

“அன்னைக்கு வெயிலே சரியா இல்லம்மா. மூட்டமா இருந்துது.”

பொய் சொன்னோம் என்ற எண்ணம் அவருக்கு இதுவரை வந்ததே இல்லை. மயிலை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இப்போதும் அந்தக் கழுத்து நீலம் தெரிகிறது.

வடிவம்மை கத்தியைக் கீழே வைத்தார். முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா தலையில கை வச்சாகளா?”

பூதலிங்கம் துடைத்த இலையையே திரும்பத் துடைத்தார்.

அது போனால் என்ன மிச்சம்? பெண்டாட்டி போனாள், வேலை போயிற்று, வீட்டைத் தம்பிக்கு விட்டாயிற்று. அந்தக் கை ஒன்றுதான் அவரிடம் இருந்தது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் உச்சந்தலையில் அந்தக் கையின் கனத்தை நினைத்துக்கொண்டு படுப்பார். அதையும் பிடுங்கப் பார்க்கிறாளே இந்தப் பெண் என்று ஒரு நிமிஷம் ஆத்திரம் பொங்கியது.

வடிவம்மை அவசரப்படுத்தவில்லை. அடுத்த கட்டு இலையைப் பிரித்தார்.

“வைக்கல,” என்றார் பூதலிங்கம்.

பிறகு தானாகவே சொன்னார். இந்தத் தடவை குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“நான் அழுதுகிட்டு இருந்தேன். ஐயா சுனையில வேட்டி அலசிட்டு வந்தாக. ‘கொஞ்சம் தள்ளி உக்காருடே, இத விரிக்கணும்’னாக. தள்ளி உக்காந்தேன். விரிச்சாக. காத்து தூக்கித் தூக்கிப் போட்டுது. ‘அந்த ஓரத்தப் பிடி’ன்னாக. பிடிச்சேன். இந்த ஓரத்த அவுக பிடிச்சுகிட்டு உக்காந்தாக.”

“பெறகு?”

“காஞ்சுது.”

“ஒண்ணும் பேசலையா?”

“பேசல. மூட்டமா இருந்ததுல காய ரொம்ப நேரமாச்சு. காஞ்சதும் மடிச்சுத் தோள்ல போட்டுகிட்டுப் போயிட்டாக. அப்பதான் தெரிஞ்சுது, அம்புட்டு நேரமும் நான் அவள நெனைக்கல, என்னைய நெனைக்கல, எதையுமே நெனைக்கல.”

பூதலிங்கத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. எத்தனை வருஷம் கழித்து அந்த வேட்டியைப் பார்க்கிறார். ஓரத்தில் காவிக்கறை. சுனைத் தண்ணீரின் பாசி வாடை. பக்கத்தில் பெரியவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், அவருக்கு அன்று ஜலதோஷம். மயிலும் வெயிலும் போனபிறகு மனுஷன் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

“இத ஏன் சொல்லல அண்ணாச்சி?”

“மொத வருசம் இதத்தான் சொல்லலாம்னு நெனச்சேன். அப்ப மூத்தவரு ஒருத்தரு இருந்தாரு. எனக்கு முந்தி அவரு எழுந்து, ‘ஐயா தன் எலைச் சோத்த அப்படியே எடுத்து எனக்கு வச்சாரு’ன்னு சொன்னாரு. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதுக்குப் பெறகு நான் எப்படி வேட்டி காயப்போட்ட கதையச் சொல்லுவேன்? சப்புன்னு போயிருமே.”

வடிவம்மை சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். பூதலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வடிவம்மை பந்திக்கு எழுந்து போனார். போகிறீர்களா இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பூதலிங்கம் எழுந்து நின்றதும் முன்வரிசை ஆட்கள் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். தெரிந்தவர்கள் புதியவர்களின் தொடையைத் தட்டி, கேளும் என்று ஜாடை காட்டினார்கள்.

“ஒருநாள் ஐயா வேட்டியக் காயப்போட்டாக. நான் ஒரு ஓரத்தப் பிடிச்சுகிட்டேன்,” என்றார்.

இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ, அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள்.

அடுத்து ஒரு பூக்காரி எழுந்தாள். பெரியவர் கடைசிவரை தன் பெயரைச் சரியாகச் சொன்னதே இல்லை, இசக்கியம்மாளைப் பேச்சியம்மாள் என்றே கூப்பிட்டார், கோயிலுக்குப் போனால் இப்போது எந்தப் பெயரில் அர்ச்சனை செய்வது என்று தனக்கே குழப்பமாகிவிட்டது என்றாள். பூதலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறாளாம், பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பூதலிங்கம் அதைக் கேட்டது அன்றுதான். தன் கதை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அது எப்படி அமைந்தது என்று அசைபோடுவதே இத்தனை வருஷமும் அவர் வழக்கம்.

அவளுக்குப் பிறகு இன்னொருவர் பேசினார். பிறகு இன்னொருவர். ஒருவருக்குப் பாதியில் நாக்கு குழறியது, அவரும் பேசி முடித்தார். விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. கூட்டம் கலைந்து ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பூதலிங்கம் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

வடிவம்மை பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி, இத்தன வருசமா தேடினீங்களே, இன்னைக்காவது வந்துதா?”

பூதலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். எதைக் கேட்கிறார் என்று விளங்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பாக்க மறந்துட்டேம்மா,” என்றார்.