மொட்டை மாடியில் மூன்று தலையணைகள்

ஒரு நகரத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் மொட்டை மாடிக்கு மூன்று தலையணைகள் காய வந்தன. மூன்றும் ஒரே தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியவை. உறையைக் கழற்றிவிட்டால் மூன்றுக்கும் ஒரே நீலக்கோட்டுத் துணிதான். பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

முதல் மாடித் தலையணை வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

"என்னாச்சு உனக்கு?" என்றது மூன்றாம் மாடித் தலையணை.

"எங்க வீட்டுப் பொண்ணு தன்யா பத்தாவது படிக்கிறா. தூங்கவே மாட்டேங்கிறா. அவங்க அம்மா என்னைக் குத்திப் பாத்துட்டு, 'பஞ்சு கட்டி தட்டிப்போச்சு, அப்புறம் எப்படித் தூக்கம் வரும்'னு இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க. செய்யாத தப்புக்கு வெயில்ல காயறேன்."

"ஏன் தூங்கலையாம்?"

"போனை வெச்சுட்டுக் கண்ணை மூடுறா. மூடினதும் பரீட்சை ஞாபகம் வந்து நெஞ்சு படபடங்குது. மறுபடி போனை எடுத்துடறா. ஊருல எல்லாரும் தூங்கறாங்களாம், இவகிட்டதான் ஏதோ கோளாறாம். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி'ன்னு என் காதுல அழறா."

மூன்றாம் மாடித் தலையணைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க ரிஸ்வானாவும் இதையேதான் சொல்லி அழறா! ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல் வேன்லதானே போறாங்க?"

ஐந்தாம் மாடித் தலையணையும் பேச்சில் சேர்ந்துகொண்டது. அது கோகுல் என்ற பையனுடையது. "அப்பா அம்மா சண்டை ஓய்ஞ்ச பிறகும் அவன் காதைத் தீட்டிக்கிட்டே கெடக்கான்" என்றது மெல்ல.

ஒருத்தி அறைக்கு மேலே இன்னொருத்தி, அவளுக்கும் மேலே ஒருவன். மூன்று பேரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, உலகத்திலேயே தான் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துக் கிடக்கிறார்கள்.

"ஒரு வார்த்தை பேசிக்கிட்டாப் போதும், பாதி பாரம் இறங்கிடும்" என்று மூன்றாம் மாடித் தலையணையிடம் சொன்னது முதல் மாடித் தலையணை. "நாம சொன்னா மனுஷங்க காதுல ஏறாது. அவங்களைத்தான் பேச வைக்கணும். நீயும் நானும் இடம் மாறிப் படுத்தா என்ன?"

காற்றைக் கூப்பிட்டன. வம்பு என்றால் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? ஓடி வந்து இரண்டையும் இடம் மாற்றி உருட்டிவிட்டுப் போனது.

சாயங்காலம் உறை போட்ட தலையணையில் முகத்தைப் புதைத்த தன்யா, உடனே நிமிர்ந்தாள். வேறு எண்ணெய் வாசனை.

"அம்மா, இது என்னோடது இல்ல."

"அப்ப பக்கத்துல காஞ்ச மூணாவது மாடியோடதா இருக்கும். போய் மாத்திட்டு வா."

படியில் பாதி தூரம் ஏறும்போதே, மற்றொரு தலையணையோடு ரிஸ்வானா இறங்கி வந்தாள். இருவரும் மாற்றிக்கொண்டார்கள். மாற்றிய பிறகும் தன்யாவுக்கு நகர மனம் வரவில்லை. ரிஸ்வானாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தன்யா தினமும் கண்ணாடியில் பார்க்கும் அதே கறுப்பு.

'கேளு, கேளு' என்று அவள் கையில் இருந்த தலையணை தவித்தது.

தன்யா கேட்டேவிட்டாள். "நீ நைட் நல்லாத் தூங்குவியா?"

ரிஸ்வானா தன் தலையணையின் மூலையைத் திருகினாள். அவள் உதடு ஏதோ சொல்லத் துடித்தது. பிறகு சிரித்துக்கொண்டாள்.

"ஓ, படுத்ததும் தூங்கிடுவேன். நீ?"

"நானும்தான்."

ஒருத்தி மேலே ஏறினாள், ஒருத்தி கீழே இறங்கினாள்.

"பொய்! அவ பொய் சொல்றா! நீயும் பொய் சொல்லிட்டே!" என்று தலையணை படியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. தன்யா அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவள் காதில் நின்றது ஒன்றுதான்: ரிஸ்வானாவும் தூங்கிவிடுகிறாள்.