பதின்மூன்றாம் நம்பர் விசிறி

வெண்கரை ராஜாவுக்கு இரண்டின் மேல் உயிர். ஒன்று அவருடைய மீசை. மற்றொன்று அவருடைய மோட்டார் படகு. மீசை திடமாகத்தான் இருந்தது. மோட்டாருக்கு வயதாகிவிட்டது. கப்பலேறி ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஏலத்தில் எடுத்தது. அதே ஏலத்தில் அதன் ஜோடி மோட்டாரை எடுத்தவர் ராஜாவின் தங்கை கணவர், கொற்றங்காட்டு ராஜா.

ஆண்டுதோறும் உப்பங்கழியில் இருவருக்கும் படகுப் பந்தயம். போன வருஷம் வெண்கரை தோற்றது. ஆத்திரத்தில் ராஜா வாய்விட்டார்.

"அடுத்த முறை தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும், மாப்பிள்ளை!"

"எடுத்துவிடுவோம், மச்சான்!"

இப்போது பந்தயத்துக்கு ஐந்து நாள். ராஜா கண்ணாடி முன் நின்று, தூரதேசம் போகிற பிள்ளையைத் தடவுவது போல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பேஷ்கார்! ஏன் தோற்றோம்?"

படகின் பின்னால் நீருக்குள் சுழலும் விசிறிகள் மூன்று, மோட்டாரோடு பெட்டியில் வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. அந்தக் காலத்தில் ராஜாக்களின் அந்தஸ்தை, அவர்களுக்கு மரியாதையாகச் சுடும் பீரங்கி வெடிகளை எண்ணித்தான் சொல்வார்கள். பதினொரு வெடி ராஜா ஒன்பது வெடி ராஜாவோடு சரியாகப் பேசக்கூட மாட்டார். விசிறியில் இருப்பதும் அதே கணக்குத்தான் என்று அரண்மனை நிர்வாகம் பார்க்கும் பேஷ்கார் நரசிங்கராவ் முடிவு கட்டியிருந்தார்.

"மாப்பிள்ளையிடம் இருப்பதே பதினொன்று ஒன்றுதான், அதைத்தான் போடுகிறார். நாம் பதின்மூன்று போட்டோம். அப்படியும் மரியாதை போதவில்லை, மகாராஜா. இந்தத் தடவை இன்னும் இரண்டு எக்காளக்காரர்களை ஏற்றிக்கொள்வோம்!"

சபை விகடன் ஆனைமுத்துவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சிரித்தாயா?" என்றார் ராஜா.

"தும்மினேன், மகாராஜா."

"உன் தும்மல் எனக்குத் தெரியும். சரி, இனி இது உன் பொறுப்பு. நான் ஜெயிக்க வேண்டும். பரிவாரத்தில் ஒருவரையும் இறக்க மாட்டேன். மரியாதையில் மாப்பிள்ளைக்கு ஓரங்குலமும் இறங்க மாட்டேன். தோற்றால் முதலில் உன் மீசை. அப்புறம் என் மீசை."

ஆனைமுத்து தன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சின்ன மீசைதான். ஆனாலும் அவனிடம் வேறு மீசை கிடையாது.

மறுநாள் விடியலில் படகோட்டி மரியசூசையோடு கழிக்குப் போனான். ராஜா, குடைக்காரர், வெற்றிலைப் பெட்டி, எக்காளம், எல்லாருடைய எடைக்கும் உப்பு மூட்டைகளை ஏற்றினார்கள். பதின்மூன்றை மாட்டி முழு வேகம் வைத்தார்கள். மோட்டார் புகை கக்கி முனகியது.

"முக்குது, ஐயா," என்றான் மரியசூசை. "இந்த விசிறி ஒரு சுத்துக்குப் பதிமூணு அங்குலம் தாவப் பாக்குது. கிழ மோட்டாரு, இம்மாம் பாரம். மூணு மூணு படியாத் தாவி ஏறுன்னா எங்கய்யா ஏறும்?"

பதினொன்றை மாட்டினார்கள். முனகல் குறைந்தது, நிற்கவில்லை. ஒன்பதை மாட்டினார்கள். மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சுரமாக மேலேறிப் பாட ஆரம்பித்தது. கரையோரம் கூடவே பறந்த நாரை ஒன்று பின்தங்கிப்போனது.

"இப்பத்தான் முழுச் சுத்து சுத்துது! தாவல் சின்னது, ஆனா ஓயாம தாவுது. பதினொண்ணு போட்ட படகை இது முந்திடும்."

"பதின்மூன்று போட்ட படகை?"

"அவுக கரை சேர்றதுக்குள்ள நாம சோறு தின்னுட்டு வந்திடலாம்."

விசிறி கிடைத்துவிட்டது. ஆனால் ராஜாவிடம் போய் ஒன்பது என்று சொல்வது எப்படி? மீசையைத் தடவியபடியே அரண்மனைக்கு நடந்தான்.

"மகாராஜா," என்றான், "தங்கை புருஷனுக்கு வெறும் பதினொன்று! ஊர் என்ன சொல்லும்? நம் பதின்மூன்றைப் பட்டில் சுற்றி, மேளதாளத்தோடு சீராக அனுப்புங்கள்."

"பைத்தியமா உனக்கு? நான் எதைப் போடுவது?"

"போன மாசம் வித்வானுக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே, அங்கே யார் பெரியவர்?"

"போர்த்திய நான்தான்!"

"அப்போது தங்கள் தோளில் என்ன கிடந்தது?"

"பழைய மல் துண்டு."

"துண்டைப் பார்த்து யாராவது தங்களைச் சின்னவர் என்றார்களா?"

ராஜாவின் கை மீசை நுனியை முறுக்கியது.

"பதினொன்றையாவது போடச் சொல்!" என்று பதறினார் பேஷ்கார்.

"மாப்பிள்ளை கழற்றிப் போடப்போகிற எண், பேஷ்கார் ஐயா. அது நம் ராஜாவுக்கா?"

சீர் புறப்பட்டது.

பந்தயத்தன்று மாப்பிள்ளை ராஜா பூரித்துப்போய் வந்தார். மச்சான் கொடுத்த பதின்மூன்று அவர் படகில் மின்னியது. கொடி இறங்கியது. ஒன்பது போட்ட வெண்கரைப் படகு பாடிக்கொண்டே பறந்தது. குடை பின்பக்கமாக மடங்கியது. எக்காளக்காரர் ஊதாமலே காற்று எக்காளத்தை ஊதியது. பின்னால் புகைக்குள்ளிருந்து, "மச்சான்! நில்லுங்கள் மச்சான்!" என்று ஒரு குரல் இருமியது. உப்பேற்றிய துடுப்புத் தோணி ஒன்று அதையும் தாண்டிப் போனது.

கரையிலேயே நாவிதர் தயாராக இருந்தார். ராஜாவின் தங்கை, தன் கணவரின் புது முகத்தை ஆசையாகப் பார்த்தாள்.

"கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், அண்ணா. இவருக்கு மேலுதடு இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது!"

ராஜா சிரித்த சிரிப்பில் அவருடைய மீசை தனியாகக் கூத்தாடியது. தன் கை வைர மோதிரத்தைக் கழற்றி ஆனைமுத்துவின் விரலில் போட்டார்.

மறுநாள் காலை வாசலில் மேளச்சத்தம். மாப்பிள்ளையிடமிருந்து மறுசீர். பட்டை விலக்கினால் பதின்மூன்று! சீராக வந்ததைப் போடாமல் இருக்க முடியுமா? அடுத்த வருஷ மீசை ராஜாவின் கண்முன் ஆடியது.

"ஆனைமுத்து!"

"கவலை எதற்கு, மகாராஜா? இதன் பெருமையை முதலில் கண்டுபிடித்தவருக்கே கொடுத்துவிடுங்கள்."

சிவப்புக் கயிற்றில் கோத்து, எக்காளம் முழங்க, அத்தனை பெரிய வெண்கல விசிறியைப் பேஷ்காரின் கழுத்தில் ராஜா தன் கையாலேயே மாட்டினார். பேஷ்காரின் தலை மெல்லத் தாழ்ந்தது. நிமிரப் பார்த்தார். முடியவில்லை.

"மகாராஜா... கொஞ்சம் கனமாக இருக்கிறது."

ஆனைமுத்து பக்கத்தில் வந்து குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"ஒன்பது இருக்கிறது, ஐயா. மாற்றித் தரட்டுமா?"