காசில் முகம் கேட்ட பிரபு

பிரெஞ்சு நாட்டில் குட்டிப் பிரபுக்கள்கூடச் சொந்தமாக வெள்ளிக்காசு அடித்த காலம் அது. கிபோ பிரபுவுக்குக் காசில் தன் முகம் வேண்டும். அந்தக் காசில் முக்கால் பங்கு செம்பும் வேண்டும்.

"செம்பு வெளியே தெரிந்தால் உன் கையை வெட்டிவிடுவேன்," என்றார், அச்சு செதுக்கும் ஒடிலாவிடம்.

மறுநாள் சபையில், காடியில் ஊறவைத்து, மேல்செம்பைக் கரைத்து வெளுத்த, மாதிரிக்கு அடித்த காசை அவள் காட்டினாள். பளபளத்தது. பிறகு அதைத் தன் தோலாடையில் விடாமல் தேய்த்தாள்.

"என்னடி செய்கிறாய்?"

"சந்தையில் நாலு கை செய்யப்போவதைத்தான், பிரபுவே. மேடான இடம் முதலில் தேயும்."

காசில் பிரபுவின் மூக்கு மட்டும் குடிகாரன் மூக்குபோலச் சிவந்திருந்தது.

"என் கையை வெட்டலாம். சந்தையில் எத்தனை கையை வெட்டுவீர்கள்?"

பிரபு மூக்கைத் தடவிக்கொண்டார். அன்று மாலையே உலைக்கு நல்ல வெள்ளி வந்து சேர்ந்தது.