சாரைப்பாம்பு தந்த கிழங்கு

முறத்தில் அரிசி இருக்கிறது. கல் பொறுக்கிக்கொண்டே சொல்கிறேன், கிட்ட வந்து உட்காருங்கள் பிள்ளைகளா.

ஒரு காட்டில் பூவாயி என்று ஒரு எலி இருந்தது. பயந்த எலி. அதன் வளையில் சின்னக் குட்டிகள் நான்கு.

போன கோடையில் தின்ன ஒன்றும் கிடைக்காமல், பூவாயி முள்ளம்பன்றியிடம் பத்துக் கிழங்கு கடன் வாங்கியது. மழை விழுந்ததும் தருகிறேன் என்றது. மழை விழுந்து இரண்டு மாதம் ஆயிற்று. கிழங்கு சேரவில்லை.

முள்ளம்பன்றி முள்ளைச் சிலுப்பிக்கொண்டு வந்து, "பூவாயி, உள்ளேதானே இருக்கே?" என்று கேட்கும். பூவாயி குட்டிகளை அணைத்துக்கொண்டு மூச்சு விடாமல் கிடக்கும்.

இதைச் சாரைப்பாம்பு பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பூவாயி வெளியே வந்தபோது, பாம்பு தூரத்தில் இருந்தே பேசியது.

"தங்கச்சி, ஓடாதே. எனக்கு வயசாச்சு, இப்போ தவளையோட சரி. பத்துக் கிழங்கு நான் தரேன். அந்த முள்ளுக்காரி மூஞ்சியில விட்டெறி."

"வட்டி எவ்வளவு அண்ணே?"

"உன்கிட்டயா வட்டி! உன் வளைக்குப் பின்வாசல் இருக்கில்ல, மெல்லிசா மண் போட்டு மூடி வச்சிருப்பியே, அதை மட்டும் அடமானமா வை. வெயிலுக்குத் தலை சாய்ச்சுக்கறேன்."

ஆபத்து வந்தால் முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுகிற வாசல் அது. பூவாயிக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் முள்ளம்பன்றியின் முகத்தில் விழிப்பதற்கு இதுவே மேல் என்று தோன்றியது.

"கிழங்கைக் காட்டு அண்ணே."

பாம்பு பக்கத்து வளையிலிருந்து ஒரு கிழங்கைத் தலையால் உருட்டி விட்டது. பூவாயி புரட்டிப் பார்த்தது. கிழங்கு முளைக்காமல் இருக்க, எலிகள் அதன் முனையைக் கடித்து எடுத்துவிட்டுத்தான் சேர்த்து வைக்கும். இதிலும் முனை கடிபட்டிருந்தது. கடித்த இடத்தின் நடுவே கோடு போல ஒரு மேடு.

முன்பல் உடைந்த எலி கடித்தால்தான் இப்படி மேடு நிற்கும். அந்தக் காட்டில் முன்பல் உடைந்த எலி ஒன்றுதான். பக்கத்து வளை நாச்சி.

"நாச்சி அக்கா எங்கே அண்ணே?"

"அவளா? கடனை அடைச்சிட்டுப் பிள்ளைகளோட எங்கேயோ போயிட்டா. நல்லவ. வளையை எனக்கே விட்டுட்டா."

நாச்சி போன இடம் பூவாயிக்குப் புரிந்துவிட்டது. காட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

"பத்தையும் நான் ஒருத்தியா தூக்க முடியாது அண்ணே. என் தங்கச்சிங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வரேன்."

"மூணு பேரா!" பாம்பின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. "நிதானமா வாங்க. இங்கேயே இருக்கேன்."

பூவாயி மெல்ல நடந்தது. புதர் மறைத்ததும் ஓடியது. முள்ளம்பன்றியின் முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"பெரியக்கா, கிழங்கு இல்லே." பாம்பு சொன்னதையும் சொல்லிவிட்டது.

முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் எழுந்து நின்றது. "அடியே! ரெண்டு மாசமா வாசல்ல வந்து கத்துறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வாயில்லையா உனக்கு?"

"பயமா இருந்துச்சு அக்கா."

முள்ளம்பன்றி முள்ளை மெல்லத் தாழ்த்தியது.

"நாச்சியும் என்கிட்டதான் வாங்கியிருந்தா. ஒரு நாள் எல்லாத்தையும் கொண்டாந்து போட்டுட்டுப் பேசாம போனா. அதுக்கப்புறம் நான் அவளைப் பார்க்கலே." பிறகு எழுந்தது. "மாசத்துக்கு ஒன்னு கொடு. ஒன்னு தவறினாலும் விடமாட்டேன். நட, நானும் வரேன்."

பூவாயி முன்வாசல் வழியே வளைக்குள் புகுந்து பின்வாசலில் மண்ணும் கல்லுமாகத் திணித்தது. திணிக்கும்போதே அந்தப் பக்கம் வெளியே பாம்பின் குரல் கேட்டது.

"தங்கச்சி... எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

பூவாயி இன்னும் ஒரு கல்லை வைத்தது.

பாம்பு முன்வாசலுக்குச் சுற்றி வந்தது. அங்கே முள்ளம்பன்றி வழியை அடைத்து உட்கார்ந்திருந்தது.

"என் பத்துக் கிழங்கு இந்த வளைக்குள்ளேதான் இருக்கு. நீ போ" என்றது.

நீதி: கடன் கொடுத்தவர் முகத்தைப் பார்க்கப் பயந்து இன்னொருவரிடம் கடன் வாங்கக் கூடாது. பயமாக இருந்தாலும் நேரே போய் வாயைத் திறந்து இல்லை என்று... இதோ வந்துட்டேன் அத்தை, கல் பொறுக்க அரிசி இன்னும் ஒரு பிடிதான்.