தோளில் இரண்டு தட்டு

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு நாற்பத்தெட்டு. பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

குருவின் பெயர் ரெஜினா. திருச்சியிலிருந்து மணப்பாறை போகும் சாலையில் பட்டறை வைத்து, தூரப் பயணம் போகும் பெரிய பைக்குகளுக்குப் பாட்டு செட் பொருத்தித் தருபவர். சீடர் தனுஷ்கோடி, அவரிடம் சேர்வதற்கு முன் கல்யாண வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் மைக் செட் போட்டவர். குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் தெருக்கோடி வரை நடந்துபோய்க் காது கொடுத்துப் பார்ப்பார். அங்கேயும் தெளிவாகக் கேட்டால்தான் அவருக்கு வேலை முடிந்ததாக அர்த்தம்.

அவர் தனியாகச் செய்த முதல் பைக் அன்று தயாராகி நின்றது. அதன் சொந்தக்காரர் கபிலன், மறுநாள் மனைவியோடு மேகாலயாவுக்குக் கிளம்புகிறார். இது நன்றாக வந்தால் இனிமேல் வண்டிகளை உங்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறேன் என்று ரெஜினா சொல்லியிருந்தார்.

தனுஷ்கோடி பாட்டைப் போட்டுவிட்டு, பழக்கப்படி நடந்தார். சாலையைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டி, பஞ்சர் கடை வரை போனார். ஒரு சொல்கூடப் பிசிறில்லாமல் கேட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

“இது சரியில்லண்ணே” என்றார் ரெஜினா.

“எது சரியில்ல?”

“வண்டிய எடுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

“எது சரியில்லன்னு சொல்லுங்க மாஸ்டர்.”

“ஹெல்மெட்ட மாட்டுங்கண்ணே.”

இதென்ன நியாயம்? காரணம் சொல்லாமல் சரியில்லை என்றால் எந்த மனிதனுக்குத்தான் பொறுக்கும்? இந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தேர்த் திருவிழாவுக்கே ஒற்றை ஆளாக செட் போட்டவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ரெஜினா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

வேகம் பிடித்ததும் காற்று ஹெல்மெட்டை அறைந்தது. பஞ்சர் கடை வரை கேட்ட பாட்டு, ஓட்டுகிறவர் காதுக்கே வரவில்லை. தனுஷ்கோடி விடுவாரா? கைப்பிடியில் இருந்த பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினார். காற்று தோற்றது. வயல் வேலையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்போது அவர் தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

தாளம் போடுகிறார்! தனுஷ்கோடிக்குப் புல்லரித்துவிட்டது. சரியில்லையாம், சரியில்லை. இப்போது மட்டும் கை தானாக ஆடுகிறதே! இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினார். ரயில் போயிற்று. வண்டி ஒரு குலுக்கல் குலுங்கியது. நகர்ந்து உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டார். கேட் திறந்தது, பின்னாலிருந்த வேன்காரன் ஹாரனை அமுக்கினான், அவரும் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஊர் பஸ் ஸ்டாப்பில் ஓரங்கட்டி, பாட்டை நிறுத்தி, “இப்ப சொல்லுங்க மாஸ்டர், எது சரியில்ல?” என்றார் கம்பீரமாக.

திரும்பினார். சீட் காலி.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பாடம் நடத்துகிற முறையா இது? வயதுக்காவது மரியாதை வேண்டாமா? என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே திரும்பினார்.

ரெஜினா கேட் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

“விளையாட்டா மாஸ்டர்? நடு வழியில இறங்குனா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னேன்.”

“எப்ப சொன்னீங்க?”

“நாலு தடவ கத்துனேன். தோளத் தட்டுனேன்.”

“அது தாளம்...”

தனுஷ்கோடி பாதியில் நிறுத்தினார். ரெஜினாவின் மடியில் துப்பட்டா கிடந்தது. பாதிதான் இருந்தது. கிழிந்த ஓரம் முழுக்கக் கிரீஸ். அவர் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து கன்றியிருந்தன.

“முடிச்சு அவுந்து சக்கரத்துல போயிருச்சு. அது என்னை இழுக்குது, நான் அதை இழுக்குறேன். கிழிஞ்சுது. கிழியலேன்னா?”

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். பின்சக்கரத்தின் அச்சில் நீலத் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. அத்தனை தூரமும் அதோடுதான் ஓட்டியிருக்கிறார். ஆனாலும் கோபம் அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை.

“ஊரே திரும்பிப் பாக்கணும்னு கபிலன் சார்தான சொன்னாரு? நானா வச்சேன்?”

ரெஜினா எழுந்தார். அவர் குரல் உயர்ந்து சீடர் கேட்டதே இல்லை.

“ஊரு பாக்கட்டும்ண்ணே! அவரு திரும்பிப் பாக்கும்போது அவரு சம்சாரம் அங்க இருக்கணுமா வேணாமா?”

கேட் காவலாளி எட்டிப் பார்த்தார். தனுஷ்கோடி தரையில் உட்கார்ந்து, அச்சிலிருந்து துணியை இழை இழையாகப் பிய்த்தெடுத்தார். வெகுநேரம் ஆயிற்று. கடைசி இழையும் வந்த பிறகு, தலையைத் தூக்காமலே கேட்டார்.

“பாட்டே வேணாங்கிறீங்களா மாஸ்டர்?”

“யாரு வேணாம்னா? அவ்வளவு தூரம் போறவங்களுக்குப் பாட்டு இல்லாம எப்படி?”

“அப்ப எவ்வளவு சத்தம் வைக்கிறது?”

ரெஜினா மீதித் துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“பாட்டப் போட்டுட்டு ஓட்டுங்க. நான் பேசிக்கிட்டே வர்றேன். சத்தத்தக் கூட்டிக்கிட்டே போனா, எங்கயாவது என் பேச்சு உங்களுக்குக் கேக்காமப் போகும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கங்க.”