எல்லாருக்குமான நூல்

காட்டோர ஏரியின் சரளைத் தரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அவை கூழாங்கற்களைப் போலவே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. ஆறு கோடையாக ஒரு முட்டையைக்கூடக் குருவி பறிகொடுத்ததில்லை. அந்தப் பெருமை தலைக்கேறி, சும்மா இருக்க முடியாமல் நூல் எழுத உட்கார்ந்தது. ‘முட்டைகளை மறைப்பது எப்படி’ என்று பெயர் வைத்து, நாற்பது தேக்கிலைகளை நிரப்பியது.

அந்தக் காட்டில் நூல் வெளியிடுவது முள்ளம்பன்றி. தன் முள்ளாலேயே இலையில் எழுத்துக் குத்திப் பிரதி எடுக்கும். குருவி சுமந்து வந்த இலைக்கட்டைப் பார்த்ததும், முழு நூல் இப்போது வேண்டாம், சுருக்கம் ஓர் இலையும் மாதிரிக்கு ஓர் அத்தியாயமும் போதும் என்றது. பிறகு ஒரு கேள்வி கேட்டது.

“யார் படிக்கிறதுக்கும்மா இது?”

“எல்லாரும்தான்!”

“எல்லாரும்னு யாரும் கிடையாதே. ஒருத்தரைச் சொல்லு.”

குருவிக்கு முகம் சுருங்கிவிட்டது. முதன்முறை முட்டையிடும் ஆட்காட்டிகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காடு முழுக்கத் தன் பெயர் பரவ வேண்டாமா?

எல்லாருக்கும்தான் என்று மறுபடியும் அழுத்திச் சொன்னது. முள்ளம்பன்றி வாதாடவில்லை. பகல் வேளை, அதற்குத் தூக்கம் வந்தது.

மாதிரி அத்தியாயத்தை வாசகர் கூடும் இடத்தில் மூன்று நாள் தொங்கவிடுவது அங்கே வழக்கம். பிடித்தவர்கள் பெயர் கொடுப்பார்கள். பெயர்கள் சேர்ந்தால் நூல் வெளிவரும். எல்லாருக்குமான நூல் என்பதால், எல்லாரும் தண்ணீர் குடிக்க வரும் துறையில் தொங்கவிட்டார்கள். பொத்தாம்பொதுவாக எழுதினால் யார் நம்புவார்கள் என்று, குருவி சொந்தக் கூட்டையே உதாரணம் காட்டியிருந்தது. பட்டுப்போன கருவேல மரத்துக்கு மேற்கே ஒன்பது தப்படி, வெள்ளைக் கல்லுக்கு இடப்பக்கம் என்று அளந்தே எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து குருவி காடெல்லாம் சுற்றி, துறைக்குப் போய்ப் படியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. உச்சிவெயிலில் தானும் துறைக்கு வந்தது. மான்கள் இது நமக்கெதற்கு என்று போயிருந்தன. ஆமை பாதியில் நிறுத்தியிருந்தது. ஒரே ஒரு பெயர்தான் வந்திருந்தது. அந்த வாசகர் வயிறு புடைக்க மரநிழலில் படுத்திருந்தார். அவர் ஓர் உடும்பு.

“நீங்கதான் எழுதினதாம்மா?” என்று உடும்பு மரியாதையாகத் தலை தூக்கியது. “எத்தனையோ படிச்சிருக்கேன், இந்த மாதிரி படிச்சதில்லை. காலையில நேராப் போய்ப் பார்த்துட்டே வந்துட்டேன். ஒரு தப்படிகூட மாறலை.”

குருவி கூட்டை நோக்கிப் பறந்தது. போய்ச் சேர்ந்தபோது, வெள்ளைக் கல்லின் பக்கத்தில் ஒரு முட்டைதான் மிச்சமிருந்தது. தொண்டை கட்டும்வரை கத்தியது. பிறகு அதன்மேல் உட்கார்ந்து, குஞ்சு பொரிக்கும்வரை எங்கும் நகரவில்லை.

அடுத்த கோடையில், முதன்முறை முட்டையிடும் ஆட்காட்டிகளுக்கென்றே புதிதாக எழுதியது. மரமும் கல்லும் தப்படியும் அதில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அந்த வருடம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் பெயர் கொடுத்தார்கள்.

யாருக்காக எழுதுகிறோம் என்று முதலில் தீர்மானிக்காமல் எழுதும் நூல், படிக்கக் கூடாதவர் கையில்தான் முதலில் போய்ச் சேரும்.