எண்ணெய் பட்ட மூடி

ஒரு ஊர்ல ஒரு கண்ணு இருந்துச்சாம். முகம் கிடையாது, உடம்பு கிடையாது, செருப்புப் பெட்டி அளவு ஒரு பெட்டிக்குள்ள ஒரே ஒரு கண்ணாடிக் கண்ணு. எங்கேயோ தூரத்துல நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள புது நட்சத்திரம் பிறந்தா, நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வருமாம். புற ஊதான்னு பேரு. அது இந்தக் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

ம் சொல்லு.

அதைச் செஞ்சவ வேல்மதி. ராக்கெட்ல ஏத்தறதுக்கு முன்னாடி கண்ணுக்கு மூணு சோதனை. ஆட்டுவாங்க. அப்புறம் காத்தே இல்லாத இரும்பு டிரம்முல வெச்சு உறைய விட்டு, கொதிக்க விடுவாங்க. அப்புறம் விளக்கு காட்டுவாங்க.

சோதனை தீபாவளி அன்னிக்கு விழுந்துச்சு. விடியறதுக்குள்ள அம்மா அவ தலையில நல்லெண்ணெய் வெச்சுட்டாங்க. ரெண்டு தடவை சீயக்காய் தேச்சு அலசிட்டுத்தான் சோதனைக் கூடத்துக்குப் போனா. வாசல்ல காவல்காரர் இருதயராஜ்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சியாம்மா?"

எண்ணெய் தேச்சவங்க அன்னிக்கு உள்ள போகக் கூடாது. அது அங்க சட்டம். ஆனா இன்னிக்கு விட்டா டிரம் வேற ஆளுக்கு. ராக்கெட் காத்திருக்காது.

"இல்லண்ணே."

"தீபாவளிக்கு எண்ணெய் வெக்காத வீடு உங்க வீடுதான்" அப்படின்னு சிரிச்சுட்டே கதவைத் திறந்துட்டாரு.

அப்புறம் ஆட்டினாங்க. தடதடதட. கண்ணு உடையலை. திறந்து பார்த்துட்டு வேல்மதி மூடியை மாட்டுறப்போ, தொப்பியிலேர்ந்து ஒரு முடி நெத்தியில விழுந்துச்சு. கையுறை விரலால உள்ள தள்ளினா. அதே விரலால மூடியைப் பிடிச்சா. அது அவளுக்கு உறைச்சப்போ டிரம் கதவு சாத்தியாச்சு.

ஸ்ஸ்ஸ்ஸ். காத்து போயிடுச்சு. குளிர் ஏறிச்சு. அடுத்தது சூடு. சூடு பட்டா அந்தத் துளி எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடி மேல போய்ப் படியும். கண்ணு குருடாயிடும். இது வேல்மதிக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போ தலைமை நூர்ஜகான் மேடம் சூடு ஏத்தற சுவிட்சுல கை வெச்சாங்க.

"மேடம், நான் எண்ணெய் தேச்சிருக்கேன். வாசல்ல பொய் சொன்னேன். மூடியில என் விரல் பட்டிருக்கு."

மேடம் கையை எடுக்கலை. "இப்பத் திறந்தா ராக்கெட் போயிடும், வேல்மதி."

"திறக்கலைன்னா கண்ணு போயிடும், மேடம்."

திறந்தாங்க. மூடிக்கு உள்பக்கம் ஈசல் றெக்கை அளவு ஒரு மினுமினுப்பு. அதைத் துடைச்சு எடுக்கவே வாரக்கணக்காச்சு. ராக்கெட் கண்ணு இல்லாமலே போச்சு. எல்லாரும் மொட்டை மாடியில நின்னு பார்த்தாங்க. அவ வரலை.

தூங்கிட்டியா? ம்.

அப்புறம் ஒரு வருஷம் கண்ணு பெட்டிக்குள்ள இருட்டுல கிடந்துச்சு. மறுபடி டிரம் கிடைச்சது பாரு, அதுவும் தீபாவளி அன்னிக்கு. எண்ணெய் தேச்சுக் குளிச்ச அப்புறம்தான் அவளுக்குப் போன் வந்துச்சு. ஓடினா. வாசல்ல அதே கேள்வி.

"தேச்சேண்ணே."

இருதயராஜ் தன் ஸ்டூலை அவ பக்கம் தள்ளி விட்டாரு. மூடியை மேடமே மாட்டினாங்க. இவ வெளியில உட்கார்ந்து சுவத்துல காதை வெச்சுக் கேட்டா. தடதடதட. அப்புறம் ஸ்ஸ்ஸ்ஸ். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. விளக்கு போட்டுட்டாங்களா? கண்ணுக்குத் தெரியலையா? தன் தலைமுடியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

டிக்.

ஒரு துளி வெளிச்சம் கண்ணுக்குள்ள விழுந்தா, அதை எண்ணற மெஷின்ல ஒரு டிக். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் டிக் டிக் டிக்னு, ஓட்டு மேல தூறல் விழற மாதிரி.

அந்தக் கண்ணு முழிச்சாச்சு, தங்கம். இனி நீ உன் கண்ணை மூடு.